குடும்பப் பெயருக்குள் மறையும் பெண்

ஆங்கிலேயக் குடும்பப் பெயர் ஒன்றின் வேரைக் காலனியக் கால ஆவணங்களில் தேடுவோர், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் தேவாலயப் பதிவேடுகளையே முதலில் நாடுகின்றனர். ஆனால், குடும்பப் பெயர் பெரும்பாலும் தந்தைவழியிலேயே தொடரும். பெண்ணின் தடம் அதில் மறைந்துவிடும்.

சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் 1680-இல் பதிவான முதல் திருமணம் எலிஹு யேலுடையது. மணமகள் கேத்தரின், ஜோசப் ஹின்மர்ஸின் கைம்பெண். சென்னையின் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஹின்மர்ஸும் யேலின் மகன் டேவிட்டும் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டனர். 'யேல்' என்ற பெயரை மட்டும் பின்தொடர்பவருக்கு இதன் காரணம் புரியாது. இருவரையும் இணைப்பவர் கேத்தரின்.

பொருளியல் பயின்றவன் என்ற முறையில் இதில் சொத்துரிமையின் நிழலைக் காண்கிறேன். மணமான ஆங்கிலேயப் பெண்ணின் சொத்து அன்று பெரும்பாலும் கணவனின் கட்டுப்பாட்டில் இருந்தது. பெயரும் அவ்வழியே சென்றது. ஆகவே, மணப் பதிவையும் உயிலையும் கல்லறையையும் சேர்த்துப் படித்தால்தான் குடும்ப வரலாறு முழுமை பெறும்.