அச்சத்தால் வரையப்படும் அடையாளம்

"நாம் யார்?" என்னும் கேள்விக்கு ஒரு சமுதாயம் இரண்டு வழிகளில் விடை காணலாம். தன் கொள்கையையும் உழைப்பையும் நற்பண்புகளையும் காட்டி விடை கூறுவது ஒரு வழி. "இன்னார் நம்மவர் அல்லர்" என்று ஒரு சாராரைச் சுட்டிக்காட்டி விடை கூறுவது மற்றொரு வழி. முன்னது கடினமானது, பின்னது மிக எளிது. அந்த எளிய வழியையே ஐரோப்பாவின் தீவிர வலதுசாரிக் கட்சிகள் தேர்ந்து கொண்டுள்ளன. அங்கே குடியேறி வாழும் மக்களை, அவர்களுள்ளும் குறிப்பாக முஸ்லிம்களை எதிரே நிறுத்தி, "ஐரோப்பியர்" என்னும் சொல்லுக்கு அவை பொருள் கூறி வருகின்றன.

நான்கு மினாராக்கள்

2009 நவம்பர் 29 அன்று சுவிட்சர்லாந்தில் ஒரு பொது வாக்கெடுப்பு நடைபெற்றது. புதிய மினாராக்கள் எழுப்புவதைத் தடை செய்ய வேண்டும் என்பதே அன்றைய கேள்வி. சுவிஸ் மக்கள் கட்சியைச் சார்ந்தோர் இதில் முன்னின்றனர். அந்நாட்டுக் கொடியைத் துளைத்துக் கொண்டு கரிய மினாராக்கள் ஏவுகணைகள் போல் எழுவதாகச் சுவரொட்டிகள் தீட்டப்பட்டன. வாக்களித்தோரில் 57.5 சதவீதத்தினர் தடையை ஆதரித்தனர். அப்போது அந்நாடு முழுவதிலும் இருந்த மினாராக்கள் எத்தனை என்று எண்ணுகிறீர்கள்? நான்கே நான்கு!

ஆக, அங்கே வாக்களிக்கப்பட்டது கட்டடத்தைப் பற்றியதன்று. இந்நாடு யாருக்கு உரியது என்பதே வாக்கெடுப்பின் உட்பொருள்.

மாறிய சொற்கள்

இக்கட்சிகளின் பேச்சு காலத்திற்கேற்ப மாறி வந்திருப்பதையும் நாம் கவனிக்க வேண்டும். 1972-இல் தோன்றிய பிரான்சின் தேசிய முன்னணி, அந்நியர் வருகையைச் சாடி வந்தது. 2011-இல் மரீன் லெ பென் அம்மையார் தம் தந்தையிடமிருந்து தலைமையை ஏற்றபின், மதச்சார்பின்மை, பெண்ணுரிமை என்னும் மதிப்பிற்குரிய சொற்களே குடியேறியோருக்கு எதிரான கருவிகளாயின. 2018-இல் கட்சியின் பெயரும் மாறியது. 2002 அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் தந்தை பெற்றது 18 சதவீதத்திற்கும் குறைவு. 2022-இல் மகள் பெற்றதோ 41 சதவீதத்திற்கும் அதிகம்.

ஜெர்மனியின் மாற்றுக் கட்சி, ஐரோப்பியப் பொது நாணயத்தை எதிர்த்து 2013-இல் உருவானது. 2015-இல் சிரியா முதலிய நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் வந்து சேர்ந்ததும், நாணயத்தை விட்டு மனிதர்களை அது எதிர்க்கலாயிற்று. இஸ்லாம் ஜெர்மனிக்குரியதன்று என 2016-இல் தன் கொள்கை அறிக்கையிலேயே எழுதியது. 2025 பிப்ரவரித் தேர்தலில் 20.8 சதவீத வாக்குகளுடன் இரண்டாம் இடத்தைப் பெற்றது.

இக்கட்சிகளின் செல்வாக்கு, அவை பெறும் வாக்குகளோடு முடிந்து விடுவதில்லை. வாக்குகளை இழக்க அஞ்சும் பிற கட்சிகளும் அவற்றின் மொழியைப் பேசத் தொடங்குகின்றன. 2010-இல் ஜெர்மன் குடியரசுத் தலைவர் கிறிஸ்டியான் வுல்ஃப், இஸ்லாமும் தம் நாட்டுக்குரியதே என்று துணிந்து கூறினார். 2018-இல் அதே நாட்டின் உள்துறை அமைச்சர் ஸேஹோஃபர் இஸ்லாம் ஜெர்மனிக்குரியதன்று என்றார். பிரதமர் மெர்க்கல் அம்மையார் அக்கருத்தை ஏற்க மறுத்தது குறிப்பிடத்தக்கது.

வரலாறு கூறுவது என்ன?

இஸ்லாம் ஐரோப்பாவுக்கு நேற்று வந்த விருந்தாளியா? குர்துபாவில் பிறந்த இப்னு ருஷ்தின் நூல்களைப் பாரிஸ் பல்கலைக்கழகம் ஆராய்ந்து படித்தது. இப்னு சீனாவின் மருத்துவ நூல் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மாணவர்களின் பாடநூலாயிருந்தது. போஸ்னியா, அல்பேனியா மக்களுள் பெரும்பகுதியினர் நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள். அவர்கள் எங்கிருந்தும் குடியேறியவர் அல்லர். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் நீத்த முஸ்லிம் வீரர்களின் நினைவாக எழுந்ததே, 1926-இல் திறக்கப்பட்ட பாரிஸ் பெரிய பள்ளிவாசல். 1961-இல் துருக்கியுடன் ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை வரவழைத்ததும் ஜெர்மனியே. காரைக்காலிலிருந்து சென்று பிரெஞ்சுக் குடிமக்களாக வாழும் நம் உறவினர்களும் இவ்வரலாற்றின் ஒரு துளியே.

இவையனைத்தையும் மறைத்தால்தான், வந்தேறிகள் நம்மை அகற்றிவிட்டு நம் இடத்தைப் பிடிக்கப் போகிறார்கள் என்னும் அச்சத்தை வளர்க்க இயலும். பிரெஞ்சு எழுத்தாளர் ரெனோ காமு 2011-இல் இக்கருத்துக்கு ஒரு பெயர் சூட்டி நூல் எழுதினார். 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் தொழுகைக்கு வந்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தி 51 உயிர்களைப் பறித்தவன், தன் அறிக்கைக்குச் சூட்டியதும் அதே பெயர்தான். சொல்லாகப் பிறந்த நஞ்சு குருதியாக முடிந்தது!

நமக்குரிய பாடம்

இதைப் படிக்கும்போது நம் உள்ளம் கொதிப்பது இயல்பே. எனினும் நீதி தவறலாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை அநீதிக்குத் தூண்ட வேண்டாம் என்பதன்றோ திருமறையின் கட்டளை! 2015 நவம்பரில் பாரிஸில் 130 பேரைக் கொன்றோர் இஸ்லாத்தின் பெயரையே கூறிக் கொண்டனர். அந்தக் கொடுமை அப்பாவிகளைக் கொன்றதோடு, இக்கட்சிகளின் கைக்கு ஆயுதமும் அளித்தது. மறுபுறம், 2024 ஜனவரியில் ஜெர்மனியின் நகரங்களில் தீவிர வலதுசாரிகளுக்கு எதிராக வீதிக்கு வந்த லட்சக்கணக்கானோரும் ஐரோப்பியரே. அவர்களை மறந்து "ஐரோப்பியர் அனைவரும் நம் பகைவர்" என்போமாயின், அக்கட்சிகள் வரைந்த அதே கோட்டை மறுபக்கத்தில் நின்று நாமும் வரைந்தவர்களாவோம்.

இஸ்லாத்தின் முதல் அகதிகளுக்குப் புகலிடம் தந்தவர் யார்? ஹபஷா நாட்டின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி! வந்தோரைத் திருப்பியனுப்புமாறு குறைஷியர் வேண்டியபோது, அம்மன்னர் இரு தரப்பையும் கேட்டு, நீதி எதுவோ அதன்படி நடந்தார். மதீனாவில் அன்சாரிகள் முஹாஜிர்களைத் தம் வீட்டிலும் உடைமையிலும் பங்காளிகளாக்கினர். ஹபஷாவின் பிலால் (ரலி), பாரசீகத்தின் ஸல்மான் (ரலி), ரோமாபுரியார் என அழைக்கப்பட்ட ஸுஹைப் (ரலி) ஆகியோர் நாயகம் (ஸல்) அவர்களின் அவையில் அந்நியராய் இருந்ததில்லை. மக்களைப் பல கிளையினராக இறைவன் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்பது ஸூரத்துல் ஹுஜுராத் நமக்கு உணர்த்தும் உண்மை.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே! ஐரோப்பாவைக் குறை கூறுவதோடு நின்று விடாதீர்கள். உங்கள் தெருவுக்குப் பிழைப்புத் தேடி வந்திருக்கும் வேற்று மொழியினரை எவ்வாறு நடத்துகிறீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். வந்தவரை வெறுத்துத் தன்னை அறிந்து கொள்ளும் நோய் எந்த மண்ணிலும் முளைக்கும். அந்நோயினின்று நம் உள்ளங்களை எல்லாம் வல்ல அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.