எண்ணக் குமிழுக்குள் ஒரு வாக்குமூலம்

அதிநாயகன் தன்னைச் சந்தேகிப்பதில்லை என்பது பொதுப்புத்தி. 1962 ஆகஸ்ட் தேதியிட்ட இதழொன்றில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய ஸ்பைடர்மேனிடம் இந்தப் பொதுப்புத்தி செல்லுபடியாவதில்லை. (நம்மூர் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் வேறு ஆள், பிரிட்டிஷ் சித்திரக்கதைகளிலிருந்து வந்தவன்.)

பீட்டர் பார்க்கர் என்கிற பள்ளிக்கூடப் பையன், எதிரே ஓடிவந்த திருடனை 'நமக்கென்ன' என்று விட்டுவிடுகிறான். அதே திருடன் பிறகு, பீட்டரை வளர்த்த பெரியப்பா பென்னைக் கொன்றுவிடுகிறான். அப்புறம் அவன் செய்யும் சாகசமெல்லாம் அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டிதான். செய்வது சரியா, யாருக்காகச் செய்கிறோம் என்ற குடைச்சல் விடுவதேயில்லை. 1967இல் வந்த 50ஆவது இதழில் வேஷத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டே போய்விடுகிறான்.

இந்தச் சந்தேகம் பக்கத்தில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எதிரியிடம் ஓயாமல் நக்கலடிக்கும் பேச்சுக் குமிழில் அதற்கு இடமில்லை. சின்னச் சின்ன வட்டங்களாகத் தலையிலிருந்து கிளம்பும் எண்ணக் குமிழில் இருக்கிறது. கதைக்குள் யாருக்கும் கேட்காதது, 12 சென்ட் கொடுத்து வாங்கிய வாசகனுக்கு மட்டும் கேட்கிறது. பாவசங்கீர்த்தனம் கேட்கும் பாதிரியாரின் இடத்தில் நம்மை உட்காரவைக்கிற பிரதி இது. 'தன்னை விளக்கிக்கொள்ளாதவன்' என்ற பிம்பம் நாம் இப்படி ஒட்டுக்கேட்பதால்தான் நிற்கிறது.

அவன் மௌனத்தையும் மொத்தமாகப் புனிதப்படுத்திவிட முடியாது. 'டெய்லி பியூகிள்' நாளிதழின் ஜோனா ஜேம்சன் அவனைச் சமூகவிரோதி என்று எழுதிக்கொண்டே இருக்கிறார். தீர்ப்பை அச்சடித்துவிட்டு விளக்கம் கேட்கிற அதிகாரத்திடம் என்னத்தைச் சொல்வது? அங்கே வாய்மூடியிருப்பதில் ஒரு மறுப்பு இருக்கிறது. (அதே பத்திரிகைக்குத் தன் படத்தைத் தானே எடுத்து விற்றுத்தான் அவன் பிழைக்கிறான். அந்தக் கூத்தைத் தனியாக எழுத வேண்டும்.)

பெரியம்மா மேயிடம் காக்கும் மௌனம் வேறு. தெரிந்தால் அவள் உயிர் தாங்காது என்று பீட்டரே முடிவுகட்டிக்கொள்கிறான். அவளை யாரும் கேட்கவில்லை. ஜேம்சனுக்கு மாட்டிய அதே முகமூடியைச் சமையலறையிலும் மாட்டிக்கொள்கிறான். பொதுவெளியில் எதிர்ப்பாக இருந்தது வீட்டுக்குள் வந்ததும் அதிகாரமாகிவிடுகிறது. இயக்கங்களில் இருந்தவர்களுக்கு இந்த மாற்றத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2002இல் ஸ்ட்ராசின்ஸ்கி எழுத, ஜான் ரொமிட்டா ஜூனியர் வரைந்த 38ஆவது இதழில் சண்டை எதுவும் இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். திருடனைத் தான் விட்டுவிட்ட கதையை பீட்டர் ஒருவழியாகச் சொல்லி முடிக்கிறான். அவள் உயிர் போய்விடவில்லை. அன்றைக்குத் தனக்கும் பென்னுக்கும் சண்டை, அதனால்தான் அவர் வெளியே போனார், சாவுக்குக் காரணம் தானே என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்ததாக அவளும் சொல்கிறாள்.