சம்பாதிக்காத பிள்ளைக்கும் இழப்பீடு உண்டு

தவளக்குப்பத்தில் எங்கள் மாணவர்கள் பலர் கடலூர் சாலையைக் கடந்தே பள்ளிக்கு வருகிறார்கள். பைக் மோதிக் கால் முறிந்த ஏழாம் வகுப்பு மாணவனின் தந்தை, ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போக இருந்தார். "சம்பாதிக்காத பையனுக்கு என்ன சார் நஷ்டஈடு?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஹரியாணாவில் 2007இல் விபத்தில் சிக்கிய 12 வயதுச் சிறுமிக்கு, உச்ச நீதிமன்றம் 2020இல் 62 லட்சம் ரூபாய்க்கு மேல் வழங்கியது. வருங்கால வருமானம், பட்ட வலி, வாழ்நாள் முழுதும் தேவைப்படும் உதவியாளர் செலவு எல்லாம் அதில் அடங்கும்.

முதல் தகவல் அறிக்கை, மருத்துவ ரசீதுகளுடன் பெற்றோர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். தாங்கள் வசிக்கும் பகுதியிலேயே செய்யலாம். 2019 திருத்தத்தின்படி கெடு ஆறு மாதம். இதைப் பெற்றோரிடம் முதலில் சொல்லுங்கள். பள்ளிக்கு வராத நாட்களுக்கான சான்றை நான் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கொடுத்தேன்.