மணலுக்கடியில் ஒரு சமையலறை

மாணவ நண்பர்களே! முப்பது பேர் கொண்ட ஒரு குழு பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் பாறையுமே. விறகு என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் புதர்களின் காய்ந்த கிளைகள்தாம். பகலில் சுட்டெரித்த பாலை, இரவில் குளிரத் தொடங்கிவிடும். முப்பது பேருக்கும் சூடான உணவு வேண்டும். சிறிதளவு விறகைக் கொண்டு எப்படிச் சமைப்பது?

ஜோர்டான் நாட்டின் தெற்கே உள்ள வாதி ரம் பாலைவனத்தில் வாழும் பெதுயின் மக்கள் இதற்கு நல்லதொரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ‘ஸர்ப்’. மணலில் ஆழமாகக் குழி தோண்டுவார்கள். இக்காலத்தில் அதனுள் ஓர் இரும்புப் பீப்பாயை இறக்கி வைக்கிறார்கள். பீப்பாய்க்குள் விறகை எரித்துத் தணலாக்குவார்கள். பிறகு, அடுக்கடுக்கான கம்பித் தட்டுகளில் ஆட்டிறைச்சி, கோழி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட் முதலியவற்றைப் பரப்பி உள்ளே இறக்குவார்கள். மூடியைப் போட்டு, மேலே கம்பளியை விரித்து, அதன்மேல் மணலை அள்ளிக் குவித்துவிடுவார்கள். எங்கேனும் ஆவி கசிந்தால் அங்கே இன்னும் ஒரு கை மணல்! இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மணலை விலக்கித் திறந்தால், இறைச்சி பஞ்சு போல் வெந்திருக்கும்.

இதில் வியப்பு என்ன தெரியுமா? குழியை மூடிய சற்று நேரத்தில் உள்ளிருக்கும் ஆக்சிஜன் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தணல் அணையத் தொடங்கும். அப்படியானால் நெருப்பே இல்லாமல் உணவு எப்படி வெந்தது?

உணவை வேகவைப்பது நெருப்பு அன்று. போதிய வெப்பநிலையும், அது நீடிக்கும் நேரமுமே. நெருப்பின் வேலை வெப்பத்தைத் தருவதோடு முடிந்துவிடுகிறது. அந்த வெப்பம் ஓடிவிடாமல் பிடித்து வைத்தால் போதும்.

அடுப்பில் தண்ணீர் கொதிப்பதைக் கவனியுங்கள். ஒரு கிராம் நீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்கு உயர்த்த 80 கலோரி வேண்டும். அதே ஒரு கிராம் நீர் முழுவதும் ஆவியாகிப் போக 540 கலோரி வேண்டும். கொதி வந்தபின் தீயை எவ்வளவு தூண்டினாலும், திறந்த பாத்திரத்தில் நீரின் வெப்பநிலை ஏறுவதில்லை. கூடுதல் வெப்பமெல்லாம் ஆவியோடு வானுக்குப் போகிறது. விறகு அரிதான பாலைவனத்தில் இது எவ்வளவு பெரிய விரயம்!

ஸர்ப் குழியில் இந்த விரயத்தைத் தடுப்பது மணல். உச்சி வெயிலில் ஆற்று மணலில் வெறுங்காலோடு நடந்திருக்கிறீர்களா? மேல் மணல் கொதிக்கும். காலைச் சற்று உள்ளே புதைத்தால் சில்லென்று இருக்கும். மேலே உள்ள சூடு கீழே எளிதில் இறங்குவதில்லை என்பதே இதன் பொருள். காய்ந்த மணல் ஓர் அரிதிற் கடத்தி. மணல் துகள்கள் ஒன்றையொன்று சிறு சிறு புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன. இடைவெளிகளில் அசையாத காற்று அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே கடத்தலும் குறைவு. வெப்பச் சலனமும் இல்லை. செம்பு கடத்தும் வெப்பத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காய்ந்த மணல் கடத்துவதில்லை. அதே மணல் நனைந்துவிட்டால், காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்து, கடத்தும் திறன் பல மடங்கு உயர்ந்துவிடும். ஈரமற்ற பாலை மணல் இச்சமையலுக்கு ஏற்றதாக இருப்பது இதனால்தான்.

மணல் இன்னொரு வேலையும் செய்கிறது. பீப்பாயை ஒட்டியுள்ள மணல், தணல் எரியும்போதே சூடேறி வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. ஒரு கணக்குப் போடுவோமா? மணலின் தன்வெப்பம் ஏறத்தாழ 0.2. 20 கிலோ மணல் 200 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஆறினால், 20,000 × 0.2 × 100 = 4,00,000 கலோரி வெளிப்படும். 5 கிலோ உணவை, கணக்குக்காக நீராகவே கொண்டால், 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்தத் தேவைப்படுவதும் 5,000 × 80 = 4,00,000 கலோரியே! இதில் ஒரு பகுதி வெளியே போய்விடும் என்றாலும், மணல் எவ்வளவு பெரிய வெப்பக் களஞ்சியம் என்பது விளங்குகிறதல்லவா?

வீட்டில் பயன்படும் மின்சார ஸ்லோ குக்கரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. 1971-ல் ‘க்ராக்-பாட்’ என்னும் பெயரில் அமெரிக்காவில் அறிமுகமாகிப் புகழ் பெற்ற கருவி அது. கனத்த பீங்கான் பாத்திரத்தைச் சிறிதளவு மின்சாரம் மெல்லச் சூடேற்றுகிறது. இறைச்சியிலுள்ள கொலாஜன் என்னும் கடினமான நார்ப் புரதம், 70 டிகிரிக்கு மேல் நெடுநேரம் ஈரத்தோடு இருந்தால், ஜெலட்டினாக மாறிக் குழைந்துவிடும். அதற்குப் பெருந்தீ தேவையில்லை, பொறுமைதான் தேவை.

இனி, பெரிய குழுவுக்குச் சமைப்பதில் ஒரு வசதியைப் பாருங்கள். 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரப் பாத்திரத்தின் கொள்ளளவு 1 லிட்டர். புறப்பரப்பு 600 சதுர செ.மீ. பக்கத்தை 30 செ.மீ. ஆக்கினால் கொள்ளளவு 27 லிட்டர். புறப்பரப்போ 5,400 சதுர செ.மீ.தான். ஒரு லிட்டருக்குக் கணக்கிட்டால் 200 சதுர செ.மீ. மட்டுமே. வெப்பம் வெளியேறுவது பரப்பின் வழியாகத்தானே? எனவே ஒரே விதமாகப் போர்த்தி வைத்தால், பெரிய பாத்திரம் ஏறக்குறைய மூன்று மடங்கு மெதுவாக ஆறும். முப்பது பேர் சமையல் இவ்வழியில் மூன்று பேர் சமையலைவிடச் சிக்கனமானது!

ஆனால் நண்பர்களே, இதே விதி ஆபத்தையும் உண்டாக்கும். உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்கள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பெருகக்கூடியவை. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்னும் வகையின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. உணவு மெல்ல ஆறி 45 டிகிரியை நெருங்கும்போது அவை விழித்தெழுந்து, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கவும் வல்லவை. இந்த வேகத்தில் ஒன்று இரண்டு மணி நேரத்தில் 4,096 ஆகும். மூன்று மணி நேரத்தில் 2,62,144! பெரிய அண்டாவில் மீந்த இறைச்சிக் குழம்பை அப்படியே விட்டுவைத்தால், நடுப்பகுதி பல மணி நேரம் இந்த வெப்பநிலையிலேயே கிடக்கும். கூட்டு விருந்துகளுக்குப் பின் பலருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகையால் மூன்று விதிகளை நினைவில் வையுங்கள். முதலாவது, உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே உண்ண வேண்டும். இரண்டாவது, மீந்ததைப் பெரிய பாத்திரத்தில் வைக்காமல் ஆழமற்ற தட்டுகளில் பரப்பி விரைவில் ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கலாகாது. காற்றின் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரமே எல்லை. மூன்றாவது, ராஜ்மாவை மெதுசமையலில் நேரடியாகப் போடக் கூடாது. அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் 80 டிகிரியில் அழிவதில்லை. மாறாக, அதன் கடுமை கூடவும் கூடும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே மெதுவாக வேகவைக்கலாம்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்களேன்! மூடியுள்ள ஒரே அளவான மூன்று பாத்திரங்களில் பெரியவர் ஒருவரை வெந்நீர் ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். ஒன்றைக் காய்ந்த மணல் நிரம்பிய வாளியில் கழுத்துவரை புதையுங்கள். மூன்றாவதை ஈர மணலில் புதையுங்கள். கால் மணிக்கு ஒருமுறை வெப்பநிலைமானியால் அளந்து, வரைபடம் வரையுங்கள். எந்தக் கோடு மிக மெதுவாக இறங்குகிறது? அதற்கு முன் உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதி வைக்க மறந்துவிடாதீர்கள்!