தசை நோயின் துப்புச் சொல்லும் கோடுகள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஊர் வாரியத்துக்கு யார் வரலாம் என்பதோடு, யார் வரவே கூடாது என்பதையும் அது விரிவாகச் சொல்கிறது. அப்படியொரு தகுதி நீக்கம் நம் உடலுக்குள்ளும் நாள்தோறும் நடக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் உருவாகும்போதே, சொந்த உடலைத் தாக்கக்கூடியவை பெரும்பாலும் கழித்துக்கட்டப்படுகின்றன.

தப்பிவிடும் சில அணுக்கள் நம் புரதங்களையே குறிவைத்து ஆன்டிபாடிகளைச் சுரக்கும். இவையே தன்னெதிர்ப்புரதங்கள், அதாவது ஆட்டோ ஆன்டிபாடிகள். தசை அழற்சி நோயான மயோசைட்டிஸில் பலரது ரத்தத்தில் இவை இருக்கின்றன.

இந்நோய் மெதுவாகவே தலைகாட்டும். தரையில் உட்கார்ந்தவரால் கையூன்றாமல் எழ முடியாது. தலைவாரக் கை உயராது. தசை சிதையும்போது சி.கே. என்ற நொதி ரத்தத்தில் கசியும். அதன் அளவு கூடினால் தசை பாதிக்கப்படுவது தெரியும். காரணம் தெரியாது. அதைத் தேடத்தான் ஆன்டிபாடி பரிசோதனை.

ஏ.என்.ஏ. எனப்படும் முதல் பரிசோதனையில், ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்கள் கண்ணாடித் தகட்டில் பரப்பப்பட்டிருக்கும். அவற்றின்மேல் நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, நீர்க்கச் செய்து விடுவார்கள். தன்னெதிர்ப்புரதம் இருந்தால் தன் இலக்கில் ஒட்டிக்கொள்ளும். மீதியைக் கழுவிவிட்டு, ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொரு ஆன்டிபாடியைச் சேர்த்தால் அது முதலாவதைப் பற்றிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் செல்கள் பச்சையாக மின்னும். உட்கரு மின்னுகிறதா, அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசமா என்பதே முதல் துப்பு.

அடுத்தது 'லைன் பிளாட்'. சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையில், வெவ்வேறு புரதங்கள் கண்ணுக்குத் தெரியாத கோடுகளாகப் பூசப்பட்டிருக்கும். இதற்கு ஒரு சொட்டுக்கும் குறைவான சீரம் போதும். எந்தக் கோட்டில் ஆன்டிபாடி ஒட்டியதோ அது மட்டும் நிறம் மாறும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில்!

இப்படிக் கோடாகத் தெரியும் ஆன்டிபாடிகளில் ஒன்று 'ஜோ-1'. 1980இல் விவரிக்கப்பட்ட அதன் இலக்கு எது என்பது 1983இல் தெரிந்தது. புரதம் கட்ட உதவும் 20 அமினோ அமிலங்களில் ஹிஸ்டிடினை மட்டும் அதைச் சுமந்துசெல்லும் டி.ஆர்.என்.ஏ. மூலக்கூறில் ஏற்றிவிடும் நொதி அது. உடலின் எல்லாச் செல்களிலும் அது வேலை செய்கிறது. ஆனாலும் நோய் தாக்குவது முக்கியமாகத் தசை, நுரையீரல், மூட்டுகளைத்தான். அந்த நொதி சைட்டோபிளாசத்தில் இருப்பதால், உட்கருவைப் பார்க்கும் ஏ.என்.ஏ. அறிக்கை 'நெகட்டிவ்' என்று வந்தாலும் ஜோ-1 இருக்கக்கூடும்.

ஒவ்வொரு கோடும் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. 'எம்.டி.ஏ.-5' என்றால் நுரையீரலை உடனே கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கு 'டிஃப்-1 காமா' வந்தால் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். 'எச்.எம்.ஜி.சி.ஆர்.' வந்தால், கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிட்டாரா என்று விசாரிக்க வேண்டும்.

ஆனால் மங்கலான ஒற்றைக் கோடு நோயாகிவிடாது. நலமாக இருப்பவருக்கும் அது தெரியலாம். பட்டையும் செல்லின் ஒளிர்வும் நோயாளியின் அறிகுறிகளும் ஒத்துப்போகின்றனவா என்று மருத்துவர் பார்த்தே முடிவுசெய்வார்.

கை, கால் வலு நாளுக்கு நாள் குறைந்தால் வயதாகிவிட்டது என்று டானிக்கோடு விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி சி.கே. பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கான ருமடாலஜி துறைகள் இருக்கின்றன. மூச்சு வாங்கினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.