50 வருடங்கள் ஃப்ரீசரில் இருந்த ரத்தம்... சொந்தத் தீவுக்குத் திரும்பிய கதை!

ஆஸ்திரேலியாவின் வடக்குக் கோடியில் இருக்கிறது எல்கோ தீவு. அதன் முக்கிய ஊர் கலிவின்கு. யோல்ங்கு பழங்குடி மக்களின் மண். 1968-ல் அங்கே டைபாய்டு பரவியபோது ஊர் மக்களிடம் ரத்தம் எடுக்கப்பட்டது. பிறகு அது என்ன ஆனது என்று ஊரில் பலருக்கும் தெரியவே இல்லை.

அது பத்திரமாகத்தான் இருந்தது, தலைநகர் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஃப்ரீசரில்! 1960-களில் தொடங்கி 1990-கள் வரை பல பழங்குடி ஊர்களில் எடுத்த சுமார் 7,000 மாதிரிகள் அங்கே சேர்ந்திருந்தன. இன்றைய விதிகள் கேட்கும் முறையான சம்மதம் அவற்றுக்குக் கிடையாது.

ஆய்வாளர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால், அந்த மக்களுக்கு? இறந்தவரின் பெயரைச் சொல்வதைக்கூடத் தவிர்க்கும் வழக்கம் பல பழங்குடிச் சமூகங்களில் உண்டு. அப்படியிருக்க, தாத்தாவின் ரத்தம் எங்கோ ஒரு குளிர்பெட்டியில் கிடக்கிறது என்றால் மனசு எப்படி ஆறும்?

பல்கலைக்கழகம் சத்தமில்லாமல் அதைப் பயன்படுத்தியிருக்கலாம், அழித்தும் இருக்கலாம். இரண்டையும் செய்யாமல், 2013-ல் பழங்குடி மரபணு ஆய்வுக்கென ஒரு தேசிய மையத்தைத் தொடங்கியது. அதன் நிர்வாகக் குழுவில் பழங்குடியினரே பெரும்பான்மை. மையத்தினர் ஊர் ஊராகப் போனார்கள். ரத்தம் கொடுத்தவரிடமும், அவர் உயிரோடு இல்லையென்றால் குடும்பத்திடமும் கேட்டார்கள்: 'வைத்துக்கொள்ளவா, திருப்பித் தரவா?' லேப் வேலையைவிட இது மெதுவான வேலை. 'வேண்டாம்' என்று யாராவது சொன்னால், அதோடு பேச்சு முடிந்தது.

2019-ல் 200-க்கும் மேற்பட்ட மாதிரிகள் கலிவின்குவுக்கே திரும்பின. இறந்தவர்களுக்குரிய மரியாதையோடு சடங்குகள் நடந்தன.

ஆய்வாளர்களுக்கு நஷ்டம் என்று தோன்றலாம். ஆனால் 2023-ல் 'நேச்சர்' இதழில் வெளியான மரபணு ஆய்வில், சம்மதத்தோடு பங்கேற்ற 159 பேர் நான்கு பழங்குடிப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அந்த நான்கில் கலிவின்குவும் ஒன்று!

அந்த ஆய்வில் தெரிந்த மரபணு வேறுபாடுகளில் சுமார் கால் பங்கு, உலகின் பெரிய தரவுத் தொகுப்புகளில் இல்லாதவை. ஒருவருக்கு மரபணுப் பரிசோதனை செய்யும்போது டாக்டர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்தத் தொகுப்புகளோடுதான். அதில் தன் இனத்தாரே இல்லையென்றால், ஒரு மாற்றம் நோய்க்குக் காரணமா, அந்த மக்களிடம் சகஜமாக இருப்பதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கலிவின்குவில் பிறக்கும் ஒரு குழந்தைக்குச் சரியான நோயறிதல் கிடைப்பது, அந்த 159 பேர் சொன்ன 'சரி'யையும் பொறுத்திருக்கிறது.