விர்ரென்று சுழலும் அட்டை

“அட்டையில் செய்த 20 சென்ட் கருவி மலேரியாவைக் கண்டுபிடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, நம்பலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி நம்பலாம். அந்தப் பாதி அருமையானது.

கருவியின் பெயர் பேப்பர்ஃபியூஜ். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ், சாத் பாம்லா குழுவினர் உருவாக்கி 2017இல் அறிவித்தது. எடை 2 கிராம். சோடா மூடியைத் தட்டையாக அடித்து, இரண்டு துளை போட்டு, நூல் கோத்து இழுத்து விளையாடியிருப்பீர்களே, அதேதான். மூடிக்குப் பதில் அட்டை வட்டு. அதில் ரத்தம் ஏற்றிய மெல்லிய குழாய்.

வரலாறு வேண்டுமென்றால்: இந்தப் பொம்மைக்கு 5,000 ஆண்டு வயது என்கிறார்கள். 2013இல் உகாண்டா போன பிரகாஷ், ஒரு மருத்துவ நிலையத்தில் மின்சாரம் இல்லாததால், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரம் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்ததைப் பார்த்தார். போதும்.

விஷயம் நூலில் இருக்கிறது. இழுத்தால் முறுக்கு அவிழ்கிறது, வட்டு வேகமெடுக்கிறது. முறுக்கு தீரும் நொடியில் கையைத் தளர்த்த வேண்டும். வட்டு நிற்காது, ஓடிய வேகத்திலேயே நூலை எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டு போகும். இனி முறுக்க இடமில்லை என்றானதும் முறுக்கிய நூல் தன்மேலேயே சுருளும். இந்த இரண்டாவது சுருளில் இன்னும் பல சுற்றுகளை அடைத்துவிடலாம். அடுத்த இழுப்பில் அத்தனையும் வட்டுக்குத் திரும்பி வரும்.

ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் சுழலும் திசை மாறுகிறதே, பிரிந்த ரத்தம் மறுபடி கலந்துவிடாதா? கலக்காது. வெளிப்பக்கம் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எதிர்க்குறியை வர்க்கப்படுத்தினால் நேர்க்குறிதானே. ஈரக் குடையை இடப்பக்கம் சுழற்றுங்கள், வலப்பக்கம் சுழற்றுங்கள், நனைவது பக்கத்தில் நிற்பவர்தான். மாற்றி மாற்றிச் சுழற்றுவதால் அவர் சட்டை காயாது. அவர் திட்டும் வார்த்தையும் திசைக்குத் திசை மாறாது. வட்டு திரும்பும் அந்தக் கணத்தில் சிவப்பணுக்கள் கலங்கி எழவும் குழாயில் அகலம் இல்லை. ஒன்றரை நிமிடத்தில் பிளாஸ்மா தனியே நிற்கிறது.

இனி மிகைக்கு வருவோம். செய்தித் தலைப்புகளில் வந்த ‘நிமிடத்துக்கு 1,25,000 சுற்று’ மிகச் சிறிய வட்டில் எட்டியது. பெரிய வட்டைக் காற்று பிடித்து இழுக்கும். மலேரியாவையும் வட்டு கண்டுபிடிப்பதில்லை. 15 நிமிடம் சுழற்றினால் ஒட்டுண்ணிகள் குழாயில் ஓரிடத்தில் சேரும். அவற்றைப் பார்க்க ஒளிரும் சாயம், அதற்கான நுண்ணோக்கி, பழகிய கண் மூன்றும் வேண்டும். இந்த மூன்றில் எதையும் 20 சென்ட்டுக்கு யாரும் விற்கவில்லை.

ரத்தசோகை வேறு கதை. சுழற்றி முடித்த குழாயில் மொத்த ரத்தத்தின் நீளம் எவ்வளவு, அதில் சிவப்பு எவ்வளவு என்று அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஹிமாட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, கிடைத்துவிடும். அது குறைந்திருந்தால் ரத்தசோகை. வாட்ஸ்அப் செய்தியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பணம் கட்டுவதென்றால் நான் இதன்மேல்தான் கட்டுவேன்.